போடாமல் விட்ட நாலு கோடு

பூன் லேயில் உன் பட்டறையின் ஷட்டரை இன்று மத்தியானம் தூக்கியதும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. பழைய ரப்பர், செயின் எண்ணெய், அடைத்துக் கிடந்த சூடு. எட்டு மாதமாக யாரும் திறக்காத அறை. நீ போன அன்றைக்கு வராத கண்ணீர் அங்கே வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உன்னோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதைப் போடாமலேயே நீ நழுவிவிட்டாய்.

உன் மனைவி ஸ்டெல்லாதான் நேற்று கடைக்குப் போன் செய்தாள். "அண்ணே, வந்து அந்த டயர ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. செசி ஓட்டியே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா" என்றாள். உன் மகள் செசிலியாவுக்கு இருபத்தெட்டு வயதாகிறது. அடுத்த மாதம் உன் பிறந்தநாள் வருகிறதே, அன்றைக்கு ஜொகூர் பந்தயத் தடத்தில் உன் நினைவாக அந்தப் பழைய பந்தய மோட்டார் சைக்கிளை ஓட்டப் போகிறாளாம். தேக்காவில் என் பயணப் பெட்டிக் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு ரயிலேறிப் போனேன்.

அப்பாவின் வண்டி, அவருடைய வண்டி என்று அவர்கள் வாய்க்கு வாய் சொல்கிறார்கள். நம் வண்டிடா அது. அறுபதுகளில் பந்தயத்துக்கென்றே செய்த அந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டியை ஈப்போவில் ஒரு கொட்டகையில் கோழிகளுக்கு நடுவே கண்டுபிடித்தது நாம் இரண்டு பேரும்தான். குவீன்ஸ்டவுனில் ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக், எங்கள் வீட்டில் பெருநாள் பிரியாணி, இரண்டு வீட்டுக் கதவும் பூட்டியதில்லை. அந்த வண்டியையும் அப்படித்தான் பொதுவில் வைத்துக்கொண்டோம். மாதத்தில் ஒருநாள் லாரியில் ஏற்றி எல்லைப் பாலத்தைத் தாண்டுவோம். ஜொகூரில் காலையில் நீ ஓட்டுவாய், மத்தியானம் நான்.

டயர் விஷயத்தில் மட்டும் முதல் நாளிலிருந்தே நமக்கு ஒத்துப்போகவில்லை. டயரின் வரிகளை இங்கே நாம் பூ என்றுதானே சொல்கிறோம், நீ அந்தப் பூவை மட்டும்தான் பார்ப்பாய். "பூ அப்படியே இருக்கு லா பாய், இத எவனாச்சும் கழட்டுவானா?" என்பாய். வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடும் வண்டியில் பூ எப்படிடா தேயும்? ஓடிச் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ரப்பர் கொஞ்சம் இறுகிக்கொண்டே போகும், அது கண்ணுக்குத் தெரியாது என்று நான் கத்துவேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். இருக்கைக்கு அடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டினோம். ஒருநாள் ஓடினால் ஒரு கோடு, அன்றைக்கு அந்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். பத்தாவது கோடு விழுந்துவிட்டால் பூ எப்படி இருந்தாலும் டயரைக் கழற்றிவிட வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆறாவது வருஷத்தில் கழற்றிவிட வேண்டும். நீ பேனாவை வாங்கிக்கொண்டு, "சரிடா, கோடு பொய் சொல்லாது" என்றாய். கோடு பாவம், அது என்ன செய்யும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அந்த நோன்பு மாதத்தில் நான் ஜொகூர் பக்கமே போகவில்லை. எப்போதும் போக மாட்டேன், உனக்குத் தெரியும். பெருநாள் முடிந்து இரண்டாவது வாரம் அந்த வருஷத்தின் கடைசி ஓட்டம். டேப்பைப் பார்த்தேன், எட்டுக் கோடு. இன்று ஒன்பது, அப்புறம் ஒன்று பாக்கி என்று நிம்மதியாக இருந்தேன். புது டயர் இங்கிலாந்திலிருந்து வர மூன்று மாதம் ஆகும், இந்த ஓட்டம் முடிந்ததும் ஆர்டர் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காலையில் நீ ஓட்டினாய். அன்றைக்கு நீ ஓட்டியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல், கல்யாண ஊர்வலத்தில் போவதுபோலப் போனாய். இறங்கியதும், "என்னடா, வயசாயிடுச்சா?" என்று கேட்டேன். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றி ஓரமாக வைத்தாய்.

மத்தியானம் நான் ஏறினேன். நீ பக்கத்தில் நின்று என் கையுறையின் பட்டையை இழுத்துக் கட்டிவிட்டாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது வளைவில், நூறு தடவை சாய்த்த அதே சாய்வில், முன் சக்கரம் கைவிட்டது. வண்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. கம்பி போட்டார்கள். இந்த ஏழு வருஷமாக நான் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்துதான் பெட்டி விற்கிறேன். மேல் தட்டில் இருக்கும் பெட்டியைக் கேட்கிறவர்களிடம், "நீங்களே எடுத்துக்கங்க" என்று சொல்லும்போதெல்லாம் உன் நினைப்புதான் வரும்.

ஆஸ்பத்திரிக்கு நீ தினமும் வந்தாய். இல்லை என்று சொல்ல மாட்டேன். கப்பல் பட்டறையில் வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு வந்து, ஹலால் கடையாகத் தேடி வாங்கிய சாப்பாட்டைப் பிரித்துவைத்து, என் காலைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாய். உனக்குத்தான் எவ்வளவு துக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

ஜொகூர் தடத்தில் வண்டி பழுது பார்க்கும் முருகையா என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "நோன்பு மாசத்துல நாலு சனிக்கிழமையும் உங்க கூட்டாளி வந்தாரு அண்ணே. பாய் எங்கன்னு கேட்டேன், நோன்புன்னாரு." நாலு சனிக்கிழமை. நாலு கோடு. எட்டும் நாலும் பன்னிரண்டு என்று கூட்டுவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒன்பதாவது, பத்தாவது கோட்டைப் போட்டிருந்தால் டயரைக் கழற்றியிருக்க வேண்டும், புது டயர் வரும்வரை ஓட்ட முடியாது, கடைசி ஓட்டம் உன் கையைவிட்டுப் போயிருக்கும். அதுதானே காரணம்? அது போகட்டும், ஆசை யாருக்கும் வரும். ஆனால் அந்தக் காலையில் நீ மெதுவாகப் போனாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து உன் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டாய், பிறகு என்னை ஏற்றிவிட்டாய்.

ஒரே ஒரு தடவை கேட்டேன். நான் தடி பிடித்து நடக்கத் தொடங்கிய புதிதில், அடுக்குமாடிப் புளோக் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். "டேய், டேப்புல எட்டுக் கோடுதான இருந்துச்சு?" என்றேன். நீ தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, "எட்டுதான். ஏன்?" என்றாய். சும்மா கேட்டேன் என்றேன். என்றைக்காவது நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், "தப்பு பண்ணிட்டேன்டா" என்று ஒரு வார்த்தை போதும், அப்படியே விட்டிருப்பேன். ஏழு கிறிஸ்துமஸ் கேக் வந்தது, ஏழு பெருநாள் பிரியாணி போனது, அந்த வார்த்தை மட்டும் வரவேயில்லை. பிறகு ஒருநாள் காலையில் ரயில் நிலையப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதான்.

உன் புளோக் கீழே, திறந்த கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். ஜெபம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தடியைப் பார்த்தார். "டயர் மாத்த வேணாம்னு அடம் பிடிச்ச பாய் நீங்கதானா? மச்சான் எவ்ளோ சொன்னாராம், நீங்க கேக்கவே இல்லையாம்" என்றார். சண்டைக்காகச் சொல்லவில்லை, இரக்கப்பட்டுச் சொன்னார். சுற்றி இருந்தவர்களும் தெரிந்த கதையைக் கேட்பதுபோலத் தலையாட்டினார்கள். அட பாவி! மறைத்ததோடு விடவில்லை, கதையையே திருப்பிப் போட்டிருக்கிறாய். ஏழு வருஷமாக உன் சொந்தபந்தம் முழுக்க நான்தான் கஞ்சன், நான்தான் பிடிவாதக்காரன். சவப்பெட்டிக்குள் கோட்டு சூட்டோடு படுத்திருந்த உன்னை அங்கேயே உலுக்கிக் கேட்க வேண்டும்போல இருந்தது.

இன்று பட்டறையில் செசிலியா வண்டியின் போர்வையை விலக்கினாள். நான் விழுந்த பிறகு நீ உன் கையால் போட்ட டயர்கள். என் தொடையில் கம்பி ஏறிய பிறகு உனக்குப் புது டயர் போடத் தோன்றியிருக்கிறது, பார்த்தாயா. அதற்குப் பின் இரண்டே தடவைதான் ஓடியதாம். டேப்பில் இரண்டு கோடு இருந்தது. "பாருங்க அங்கிள், ட்ரெட் பிராண்ட் நியூ மாதிரி இருக்கு. அப்பா போட்ட டயர். இதுலதான் நான் ரைட் பண்ணணும்" என்று பூவைத் தொட்டுக் காட்டினாள். நான் தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, சிரமப்பட்டுக் குனிந்து நகத்தால் அமுக்கினேன். பதியவில்லை. மேசையை அமுக்கியதுபோல இருந்தது. பக்கவாட்டில் முடி மாதிரி வெடிப்புகள். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஏழு வருஷம் வெந்த ரப்பர் வேறு எப்படி இருக்கும்?

"மாத்தணும்" என்றேன். புது டயர் வர மூன்று மாதம், அப்பா பிறந்தநாள் போய்விடும் என்றாள் அவள். மெதுவாக ஓட்டுகிறேன், ஒரே ஒரு தடவை என்றாள். உன் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. நான் தலையை ஆட்டி மறுக்க மறுக்க, கதவோரம் நின்றிருந்த ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, சொல்றேன்னு தப்பா நெனக்காதீங்க. அவர் தலைதலையா அடிச்சிக்கிட்டப்ப வேணாம்னீங்க. இப்ப அவர் கைபட்டு மாட்டினத மட்டும் கழட்டணுமா? அவரு இருந்திருந்தா புள்ளைய ஓட்டச் சொல்லியிருப்பாரு" என்றாள்.

அப்போது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நோன்பு மாதம், நாலு சனிக்கிழமை, முருகையா, நீ மெதுவாக ஓட்டிய காலை. ஒரு போன் போட்டால் முருகையாவே சாட்சி சொல்வார். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? செத்தவன்மேல் பழி போடுகிறான் இந்தக் கிழவன் என்று ஸ்டெல்லா கத்துவாள். செசிலியா அப்பாவுக்காக வரிந்துகட்டிக்கொண்டு, வேண்டுமென்றே அந்த டயரிலேயே போவாள். மூன்றாவது வளைவு அங்கேயேதான் இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டு வரவும் என்னால் முடியாது. உன் பெண்ணை நான் தொட்டிலில் பார்த்தவன்.

பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டினேன். தொடைவரை ஏறும் அந்தத் தழும்பை இரண்டு பேருக்கும் காட்டினேன். "ஆமா ஸ்டெல்லா. அன்னிக்கு அவன் மாத்தணும்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல. பூ நல்லா இருக்கேன்னு சொன்னது நான்தான். இந்தா, கேக்காததுக்குக் கெடச்சது இதுதான். உங்க அப்பன் பேச்ச நான் கேக்கலம்மா செசி, நீயாவது கேளு. கழட்டு" என்றேன்.

அந்தப் பெண் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் ஸ்பேனரை எடுத்து முன் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறந்தநாளுக்குச் சர்ச்சில் பூசை மட்டும் வைத்துக்கொள்ளலாம், டயர் வந்த பிறகு ஓட்டுகிறேன் என்றாள். அந்த மட்டில் எனக்கு உயிர் வந்தது. ஆனால் உன் பொய்க்கு இனி நானே சாட்சி. நாளைக்கு முருகையாவே வந்து சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை, சம்பந்தப்பட்டவனே ஒத்துக்கொண்டுவிட்டானே. என் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

கிளம்புவதற்கு முன் ஷட்டரை இறக்கும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். "இப்பவாச்சும் ஒத்துக்கிட்டீங்களே அண்ணே, அது போதும். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. அவரு அடிக்கடி சொல்வாரு, பாய நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்னு" என்றாள்.

மன்னித்துவிட்டாயாமே. நல்லது. என்னால்தான் இன்னும் முடியவில்லைடா.