ஆளாளுக்குத் துண்டு போட்ட லீவு

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம், மாடிப்படி ஏறும்போது மட்டும் என் முழங்கால் தானும் இருப்பதாகச் சொல்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் போனில் அப்படித்தானே சொல்வாய்.

ஆறாம் வகுப்பில் ஒருநாள் நீ என்னிடம் கேட்டாய், லீவுன்னா ஓய்வுதானேம்மா, அப்புறம் ஏன் லீவு முடிஞ்சு வர்ற டீச்சர் எல்லாரும் தூங்கி வழியறீங்க என்று. போய்ப் பல் தேய் என்று சொல்லித் தப்பித்தேன். போன வருஷம் ஊர் திரும்பும்போது பிளாட்பாரத்தில் பெட்டிமேல் தலை சாய்த்து நீ வாய் திறந்து தூங்கினாயே, அப்போதுதான் எனக்குப் பதில் கிடைத்தது. இந்த வருஷமும் உன் லீவில் ஆளாளுக்குத் துண்டு போட்டாயிற்று. புது வீட்டுச் சுவருக்கு நிறம் பார்க்கச் சித்திக்கு ஒரு முழு நாள் வேண்டுமாம். பெரியப்பாவின் போன் ஆமையாகிவிட்டதாம், புள்ள வந்து தொட்டாத்தான் ஓடும் என்கிறார். எதிர் வீட்டு வங்கிக்காரர் தன் மகளுக்கு நீ புத்தி சொல்ல வேண்டும் என்கிறார், அந்தப் பெண் நமக்கே சொல்வாள். நான் யாருக்கும் தலையாட்டவில்லை, அவளையே கேளுங்க என்று உன் நம்பரைச் சொல்லிவிட்டேன். டீச்சரம்மா ரொம்பத்தான் கறார் என்று சித்தி முகத்தைத் தூக்கிக்கொண்டாள், நாளைக்குள் இறக்கிவிடுவாள்.

பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது முதலில் என் பையை முன் சீட்டில் வைத்துவிட்டுத்தான் அவர்களை ஏற்றுவேன். ஒரு வருஷம் மறந்துபோய், தண்ணீர்க் கேன்மேல் உட்கார்ந்தே போய் வந்தேன். பஸ்ஸில் எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான், எனக்குத்தான் இடமில்லை.

இதில் துண்டே போடாத ஆள் ஒருவர் உண்டு, உன் அப்பா. பின் அறைப் புத்தக அலமாரிக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து கதவு செய்தீர்களே, அதை மாட்ட மூன்று லீவாக நாளைக்கு நாளைக்கு என்று சொல்லி ரயில் ஏறிவிட்டாய். கதவு சுவரோரம் சாய்ந்தே நிற்கிறது. அப்பாவுக்கு இப்போது வலது கை லேசாக நடுங்குகிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் திருப்புளி பிடிக்கிற வேலையெல்லாம் போகப் போகக் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். உன்னிடம் சொல்லக் கூடாது என்பது அப்பா உத்தரவு, எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நேற்று ஜன்னல் சரிசெய்ய வந்த தச்சர், இதையும் மாட்டிடவா சார், அஞ்சு நிமிஷ வேலை என்றார். அப்பா நிதானமாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். வேணாம்பா, அதுக்கு ஆள் வருது என்றார்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். நல்ல உடம்போடும் முழுத் தூக்கத்தோடும் வந்து சேருங்கள். எப்படியும் சித்தி கூப்பிடுவாள். சரி என்று சொல்வதற்கு முன் நீயும் ஒரு டம்ளர் தண்ணீர் குடி.

இப்படிக்கு,
உனக்காக முன் சீட்டில் பையை வைத்துவிட்ட
உன் அம்மா