அத்தா இருந்த பெட்டி

8 ஏப்ரல் 1981, புதன்

பூகோளப் பரீட்சையோடு ஒன்பதாம் வகுப்பு முடிந்தது. நைல் நதியின் நீளத்தைச் சரியாக எழுதிவிட்டேன். எங்கள் வில்லியனூரை ஒட்டி ஓடும் சங்கராபரணியின் நீளத்தைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நல்லவேளை, கேட்கிறவர்களுக்கும் அது தெரியாது போலிருக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை மச்சான் குவைத்திலிருந்து வருகிறார். அவர் விமானம் ஏறியபோது அக்காவுக்கு மூன்று மாதம். பாப்பா சபுராவுக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. அவள் தன் அத்தாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். மச்சான் அங்கிருந்து பேசி அனுப்பும் கேசட்டுகளை டேப் ரிக்கார்டரில் போட்டு, "அத்தா எங்கே?" என்று பழக்கியது நான்தான். உடனே ஓடிப்போய்ப் பெட்டியைத் தொடுவாள். தெருப் பெண்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டு, "ரசியா டீச்சராத்தான் ஆவப்போறா" என்றார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

14 ஏப்ரல், செவ்வாய்

வந்துவிட்டார். வாடகைக் கார், இரண்டு பெரிய பெட்டிகள், வாசல் நிறையக் கூட்டம். மச்சான் குட்டையாக, கூச்சமாக நின்றார். இரண்டரை வருஷம் குரலை மட்டுமே கேட்டதில், நான் அவரை ஆறடி ஆளாக நினைவில் வளர்த்து வைத்திருந்தேன்.

இதுதான் சமயம் என்று முன்னால் வந்து, எல்லார் எதிரிலும் பாப்பாவைக் கேட்டேன்: "அத்தா எங்கே?"

அவள் மச்சானைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். அலமாரிக்குப் பக்கத்திலிருந்த டேப் ரிக்கார்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். ஆனால் அவளைத் தூக்க நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பிடரியைச் சொறிந்துகொண்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு யாரும் டீச்சர் பேச்சை எடுக்கவில்லை.

15 ஏப்ரல்

பாப்பா மச்சானை "மாமா" என்கிறாள். பால்காரரும் அவளுக்கு மாமாதான்.

17 ஏப்ரல், வெள்ளி

மச்சான் பேசவே மாட்டேன் என்கிறார். கேசட்டில் அப்படிப் பேசுவார்! "சபுராக்கண்ணு, அத்தா பேசறேன். சாப்பிட்டியா? இன்னா சாப்பிட்டே?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பாப்பா அந்த இடைவெளியில் "சோறு" என்பாள். "அப்படியா!" என்று பெட்டி சொல்லும். அவள் பதில் சொல்வாள் என்று அங்கே தனியாக உட்கார்ந்துகொண்டு இடம் விட்டிருக்கிறார்.

இன்று நானே கேட்டுவிட்டேன். "ஏன் மச்சான், இங்க பேச மாட்டேங்கிறீங்க?"

"அங்க ரூம்ல எல்லாரும் டூட்டிக்குப் போன பொறவு பேசுவேம்மா. எதிர்ல ஆள் இருந்தா எனக்கு வராது."

அக்காவிடமும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தேநீர் கொடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அக்கா மட்டும் என்ன? அவள் அனுப்பும் கேசட்டுகளுக்கு நான்தான் எழுதிக் கொடுப்பேன். "அன்புள்ள கணவருக்கு, தங்கள் நலம் நாடும்..." என்று அவள் பாடம் ஒப்பிப்பது போல வாசிப்பாள்.

மே மாதக் கடைசியில் அவர் திரும்பிப் போக வேண்டும். போனால் இரண்டு வருஷம். "அதுக்குள்ள ஒரு தபாவாவது அது தானா எங்கிட்ட வரணும்" என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மா என்னிடம் சொன்னாள்: "நீதானே சொல்லிக் குடுத்தே? நீயே மாத்திக் குடு."

நூலகத்திலிருந்து குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்திருக்கிறேன். புதிய இடங்களுக்கு அழைத்துச் சென்றால் குழந்தை பெற்றோரை நாடும் என்கிறது. ஆகவே பயணத் திட்டம் ஒன்று தயார்.

22 ஏப்ரல், புதன்

முதல் பயணம்: பிள்ளைச்சாவடிக் கடல். அக்கா, மச்சான், பாப்பா, நான். ஐந்தாவதாகப் பெட்டி. அது இல்லாமல் பாப்பா வாசலைத் தாண்ட மறுத்துவிட்டாள். பேருந்தில் ஜன்னலோர இடம் அதற்குத்தான். கண்டக்டர் கேட்டார், "இவருக்கு ஃபுல் டிக்கட்டா, அரை டிக்கட்டா?" மச்சான் தன் குரலுக்கு இடம் விட்டு நின்றுகொண்டே வந்தார்.

கரையில் நான் புத்தகம் சொன்னபடி அக்காவைத் தூரமாக இழுத்துக்கொண்டு போய்விட்டேன். தாயை விட்டுத் தனியாக இருந்தால் தந்தையிடம் ஒட்டுமாம். மச்சான் அலையைக் காட்ட அவளைத் தூக்கினார். அவள் போட்ட கத்தலில், மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஓடி வந்து அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

"யோவ், யாரு புள்ளைய தூக்கினு போற?"

"எம் புள்ளைதாம்மா."

"உம் புள்ளைன்னா ஏன் இந்தக் கத்து கத்துது? கண்ணு, இவரு யாரு?"

"மாமா."

"பாத்தியாடி! அத்தா எங்கமா ஒனக்கு?"

பாப்பா பையிலிருந்த பெட்டியைக் காட்டினாள்.

அவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? ஒருத்தி மச்சானின் சட்டையையே பிடித்துவிட்டாள். நாங்கள் மணலில் விழுந்தடித்து ஓடி வந்து, அக்கா, "அய்யோ, அவரு என் வூட்டுக்காரருங்க!" என்று கத்தின பிறகுதான் விட்டாள். அப்புறம் அவளே நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினாள். வருகிற வழியெல்லாம் மச்சான் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாப்பா பெட்டிக்கு மணல் ஊட்டிக்கொண்டே வந்தாள்.

நான் அக்காவை இழுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால்... சரி, புத்தகத்தில் பிள்ளைச்சாவடி பற்றி ஒன்றும் இல்லை.

24 ஏப்ரல்

மணல் தின்ற பெட்டி ரேடியோ ரிப்பேர் கடையில். வீட்டில் பகல் முழுக்க அழுகை. "அத்தாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்று பாப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவளுடைய நிஜ அத்தா நடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

26 ஏப்ரல், ஞாயிறு

என் புதிய யோசனை: ரிப்பேராகி வந்த பெட்டியை அலமாரி முன்னால் வைத்துவிட்டு, மச்சான் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேச வேண்டும். குரல் கேட்டு அவள் நெருங்கி வந்ததும் வெளியே வர வேண்டும்.

குரல் கேட்டது. நெருங்கி வந்தாள். மச்சான் வெளியே வந்தார். பாப்பா பயத்தில் பாவாடையை நனைத்துக்கொண்டு அக்காவின் முந்தானைக்குள் போனவள் சாயங்காலம்தான் வெளியே வந்தாள். பெட்டியைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"போதும் ரசியா, நீ கொஞ்சம் கத புக்கு எதனா படியேன்" என்றாள் அக்கா. கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

3 மே, ஞாயிறு

ஏம்பலம் போனோம். அத்தாவின் மளிகைக் கடைக்கு வருகிற சுப்பராயலு தன் கரும்புக் கொல்லைக்குக் கூப்பிட்டிருந்தார். (இங்கே அத்தா என்று நான் எழுதுவது என் அத்தாவை. இந்த வீட்டில் இப்போது அதையும் விளக்க வேண்டியிருக்கிறது.) கரும்புக்கு நடுவே பம்புசெட்டு, அதன் தொட்டி நிறையத் தண்ணீர்.

நான் ஒரு யோசனையும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் பாப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. அத்தாவைக் குளிப்பாட்ட வேண்டும். பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தொட்டி விளிம்புக்குப் போய்விட்டாள். நான் பாய்ந்தேன். பெட்டியைப் பிடித்து மேலே வைத்துவிட்டுத் தலைகுப்புற நானே உள்ளே விழுந்தேன். தாவணி, ரிப்பன், மூக்குக் கண்ணாடி எல்லாம் சேர்த்து.

சுப்பராயலுவின் மனைவி காசம்மாள் என்னைப் பின்னலைப் பிடித்து இழுத்தாள். "பொட்டிய காப்பாத்தினே, கண்ண வுட்டுட்டியேடி!"

கண்ணாடிக்காக மச்சான் கைலியை வரிந்து கட்டிக்கொண்டு முங்கினார். எழுந்தார், இல்லை. முங்கினார், இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் தலை காணாமல்போய் வேறிடத்தில் வந்ததும் பாப்பா கைதட்டினாள். கண்ணாடி கிடைத்த பிறகும், "மாமா, முங்கு!" என்றாள். அவர் முங்கிக்கொண்டே இருந்தார். உதடு வெளுத்து, காது அடைத்து, காசம்மாள் அதட்டிய பிறகுதான் ஏறினார்.

தூக்கப் போனால் ஓடிவிட்டாள். இருந்தாலும் இன்று முழுக்க அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5 மே

கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருக்கிறேன். மூன்று தும்மல். மச்சான் ஐந்து.

10 மே, ஞாயிறு

எழுத்து எப்படி வந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

மச்சானின் அக்கா வீட்டு விருந்துக்காக விழுப்புரத்துக்கு ரயிலில் போனோம். சின்னபாபுசமுத்திரம் தாண்டியதும் பெட்டியின் குரல் இழுத்தது. பிறகு மாடு கத்துவது போல ஆனது. பிறகு நின்றுவிட்டது. வேறு பேட்டரி வாங்கி வைக்கச் சொல்லி அக்கா என்னிடம் இரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தாள். நான் வழியில் படிக்க ஒரு வாரப் பத்திரிகை வாங்கி வைத்திருந்தேன்.

பாப்பா விசையை அமுக்கினாள், அடித்தாள், புரண்டாள். "பேட்டரி தீந்துபோச்சிடி கண்ணு, அதான் அத்தா பேசல" என்று நான் விளக்கம் சொல்லச் சொல்ல அழுகை ஏறியது. எதிரே வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு உட்கார்ந்திருந்த சின்னபொண்ணு என்ற அம்மாள், "இன்னாடி இது, பொட்டிக்குப் போயி இந்த அழுவ அழுவுது! மூணு பேரு இருக்கீங்களே, எதனா பண்ணுங்களேன்" என்றாள். பெட்டி முழுக்க எங்களையே பார்த்தது. ரயில் பெட்டியைச் சொல்கிறேன்.

பாப்பா கையைக் காலை உதறியதில் ஒரு அடி மச்சானின் சட்டைப் பையில் விழுந்தது. உள்ளே மிட்டாய் வைக்கிற சின்னத் தகர டப்பா. அதன் மூடி 'டக்' என்றது. டேப் ரிக்கார்டரின் விசை போடும் அதே சத்தம்.

பாப்பா நிமிர்ந்து அந்தப் பையைப் பார்த்தாள்.

மச்சானின் முகம் சிவந்துவிட்டது. அத்தனை பேர் எதிரில், கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "சபுராக்கண்ணு, அத்தா பேசறேன். சாப்பிட்டியா? இன்னா சாப்பிட்டே?"

கேசட்டில் விடுகிற அதே இடைவெளி. ரயில் சத்தம் மட்டும்.

"பிச்சுகெட்டு" என்றாள் பாப்பா.

"அப்படியா!"

அவள் பையை மறுபடி அமுக்கினாள். டக். மச்சான் நடுவார்த்தையில் நிறுத்தினார். அமுக்கினாள். டக். விட்ட இடத்திலிருந்து பேசினார். குவைத்து வெயில், அறையில் சமைக்கும் அய்யனார் என்கிற ஆள், கூரையில் முட்டையிட்ட புறா, எல்லாம் வந்தது. வளவனூரில் ஏறியவர்களும் நின்று கேட்டார்கள். எப்போது அவர் மடிக்கு ஏறினாள் என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை.

"யோவ், நானும் ஒரு தபா அமுக்கறேன்யா, எங்க வூட்டு ஆளு வாயத் தொறந்து பத்து வருசமாச்சி!" என்றாள் சின்னபொண்ணு. அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள்.

"பேட்டரி வாங்காததும் என் திட்டத்தில் ஒரு பகுதிதான்" என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் வெள்ளரிப்பிஞ்சு மட்டும் கொடுத்தாள்.

17 மே

பாப்பா மச்சானின் வாயைத் திறந்து உள்ளே கேசட் எங்கே என்று தேடுகிறாள். பேசிப் பேசித் தொண்டை கட்டி, அவர் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறார். "மாமா" போய்விட்டது. இப்போது பால்காரர் மட்டும்தான் மாமா.

25 மே, திங்கள்

நான் வாசலில் படித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, உள்ளிருந்து மச்சான், அக்கா குரல் தானாக வந்தது.

"இன்னும் ஒரு தபா போயிட்டு வந்தா போதும் ஜொஹரா."

"போன தபாவும் இதத்தான் சொன்னீங்க. பொட்டியில."

பிறகு இரண்டு பேரும் குரலைத் தாழ்த்தி வெகுநேரம் பேசினார்கள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். புத்தகம் தலைகீழாக இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

30 மே, சனி

மச்சான் போய்விட்டார். பாப்பா கார் கண்ணாடியில் அறைந்தாள்.

ஆணியில் அவருடைய நீலச் சட்டை தொங்குகிறது. எடுத்துவைக்க மறந்துவிட்டார் என்கிறாள் அம்மா. மறக்கிறவரா அவர்?

7 ஜூன், ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. பத்தாம் வகுப்பு.

கடலூர்க்காரர் ஒருவர் குவைத்துக்குப் போகிறார், கேசட் கொடுத்தனுப்பலாம் என்று என் அத்தா சொன்னார். நான் உடனே உட்கார்ந்து அக்கா பேச வேண்டியதை எழுதினேன். 'பிரிவுத் துயரில் வாடும்' என்பதை அடித்துவிட்டு 'வாடி வதங்கும்' என்று போட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் பாப்பாவுக்காகப் பழைய கேசட் ஓடிக்கொண்டிருந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டது. அவள் பதில் சொல்லவில்லை. விசையை அமுக்கி நிறுத்தினாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியில் தொங்கிய சட்டையின் பையை அமுக்கினாள். டக். டப்பா உள்ளேயே இருக்கிறது.

காத்துக்கொண்டிருந்தாள். மறுபடி அமுக்கினாள். டக்.

எங்களைத் திரும்பிப் பார்த்துக் கையை விரித்தாள். "பேட்டி தீந்துச்சி."

நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் இதைத்தான் இவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா நான் எழுதிய தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பாப்பாவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். புதுக் கேசட்டைப் போட்டுப் பதிவு செய்கிற விசையை அமுக்கினாள். "அன்புள்ள கணவருக்கு" இல்லை, தொண்டையைச் செருமிக்கொள்ளக்கூட இல்லை.

"இங்க பாருங்க, ஒங்க சட்டைக்குப் பேட்டரி தீந்துபோச்சாம். புள்ள சொல்லுது. ரெண்டு வருசமெல்லாம் தாங்காது, சொல்லிட்டேன்" என்றாள்.

பிறகு அவர் பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் இடம் விட்டாள்.