‘கசக்குது’ என்று சிரித்தவருக்கு

மாமா,

இன்று காலை சாம்பார்ப் பொடிக்கு மல்லி எடுத்தேன். வாணலியில் போடுவதற்கு முன் இரண்டு விதைகளை விரலிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்ப்பது என் வழக்கம். வறுக்காத மல்லி நசுங்கும்போது ஆரஞ்சுத் தோலின் வாசனை லேசாக வரும். மற்றவர்களுக்கு அது சமையலறை வாசனை. எனக்கோ நம் சாங்வி வீட்டுப் பால்கனி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் நொறுக்குத் தீனியாகப் பாகர்வடித் தட்டு, எதிரே என் தம்ளரைப் பார்த்து முகம் சுளிக்கும் நீங்கள். அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு விருந்து. மதியச் சாப்பாட்டோடு எல்லோரும் பீர் வாங்கினார்கள், நானும் ஒரு தம்ளர் குடித்தேன். ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் நேராகக் குளியலறைக்கு ஓடிவிட வேண்டும் என்பது திட்டம். கதவைத் திறந்தது நீங்கள். திருநெல்வேலியை விட்டு வந்து கட்கி தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க வார்னிஷ் வாடையில் வேலை பார்த்தும் கெட்டுப்போகாத மூக்கு உங்களுடையது.

“ஏம்மா, பீரா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“எந்த பீரு?”

“கோதுமை பீர், மாமா.”

“கோதுமையிலயா? அதுல சப்பாத்தில்லா சுடுவாவ!” என்று சொல்லிவிட்டு, அத்தை இருந்த அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, குரலைத் தாழ்த்தினீர்கள். “சரி, உனக்குப் பிடிச்சிருந்துச்சா?”

அதுவரை அந்த வீட்டில் என் சம்பளத்தைக் கேட்டிருக்கிறார்கள். ரசம் வைக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தை எப்போது என்று ஊரிலிருந்து போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு எது பிடித்தது என்று கேட்டது நீங்கள்தான்.

அடுத்த சனிக்கிழமை நீங்களே எனக்கும் ஒன்று வாங்கி வந்தீர்கள். உங்களுக்கு எப்போதும் அந்தப் பச்சைப் பாட்டில் ஸ்ட்ராங் பீர்தான். டின்னில் வந்தால் தொடமாட்டீர்கள், தகர வாடை அடிக்கிறது என்பீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்த பிறகுதான் திறப்பீர்கள், ரொம்பச் சில்லென்றிருந்தால் நாக்கு மரத்துப்போகுமாம். எனக்குக் கலங்கலாக, மல்லியும் ஆரஞ்சுத் தோலும் போட்டு வரும் கோதுமை பீர். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, “இது பீரு இல்லம்மா, கொத்தமல்லி ரசம்” என்று தம்ளரை என் பக்கமே தள்ளினீர்கள். உங்களுடையதை நான் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றேன். நீங்கள் விடவில்லை.

“மூஞ்சி வேற சொல்லுதே. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லணும். பிடிச்ச மாதிரி முழுங்கக் கூடாது.”

உங்கள் மகன் பீரைத் தொடமாட்டார். நம் சண்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு டிவி முன்னால் போய்விடுவார். அத்தை ஒன்றும் சொல்லமாட்டார். பாகர்வடித் தட்டைக் கொண்டுவந்து வைப்பார், உள்ளே போய்விடுவார். கோபமா, சம்மதமா என்று எனக்குக் கடைசிவரை தெரிந்ததில்லை.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது, ஊர் முழுக்க வந்த காய்ச்சல். எங்கள் எல்லோருக்கும் வந்து போனது. உங்களுக்கு மட்டும் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. வாரக் கணக்கு மாதக் கணக்கானது. அத்தை வைக்கும் மீன் குழம்பு மாடிப்படி வரைக்கும் மணக்கும், நீங்கள் தட்டின் முன்னால் உட்கார்ந்து, “காயிதத்த மெல்லுத மாதிரி இருக்கு” என்று கையைக் கழுவிவிடுவீர்கள். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. சனிக்கிழமைகளில் பால்கனிக் கதவு மூடியே கிடந்தது. அடுக்களையில் ஒருநாள் அத்தை அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன். “என் கைப்பக்குவம் போச்சு போலிருக்கு” என்றார். போனது கைப்பக்குவமல்ல, உங்கள் வாசனை என்று எத்தனை சொல்லியும் அவர் மனம் ஒப்பவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் எலுமிச்சையும் கிராம்பும் முகர்ந்து பழகச் சொன்னார். “கசப்பு, புளிப்பு, உப்பு, இனிப்பு இதெல்லாம் நாக்கு. அது எங்கேயும் போகாது” என்றும் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உங்களைப் பாணேரில் அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் போனோம். கொஞ்சமாக என்றால் சரி என்றார். நீங்கள் வர மறுத்தீர்கள். “வாசனை இல்லாதவனுக்கு எதுக்கு பீரு? வேஸ்ட்டு” என்றீர்கள். எனக்குத் துணைக்கு வாருங்கள் என்றதும் செருப்பை மாட்டினீர்கள்.

மரப்பலகையில் சின்னச் சின்னத் தம்ளர்களாக வந்தது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். முதலாவதைக் குடித்து, “தண்ணி” என்றீர்கள். அடுத்தது, “சோடா.” அதற்கடுத்தது கறுப்பு. அதைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். போகலாம் என்று சொல்லப்போகிறீர்கள் என நினைத்தேன். கடைசித் தம்ளரை நான்தான் கையில் கொடுத்தேன். செம்பு நிறம், மிகக் கசப்பானது என்று பரிமாறுபவர் எச்சரித்திருந்தார்.

வாயில் வைத்ததும் உங்கள் முகம் கோணியது. கண் இறுகியது. தோள் குலுங்கியது. நான் பயந்துபோய் எழுந்தேன்.

“கசக்குது!” என்று கத்தினீர்கள். “ஏம்மா, கசக்குது! நல்லாக் கசக்குது!”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். பரிமாறுபவர் ஏதோ புகார் என்று நினைத்து ஓடிவந்தார். “க்யா ஹுவா அங்கிள்? பதல் தூன்?” மாற்றித் தரட்டுமா என்று அவர் கேட்க, நீங்கள் அவர் கையையே பிடித்துக்கொண்டீர்கள். “நஹீ பேட்டா, கடவா ஹை! பஹுத் கடவா ஹை!” கசக்கிறது என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். நீங்கள் சிரித்தீர்கள், கண்ணில் நீர் வந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் அத்தையிடம், “பாவக்கா இருக்கா? பொரி” என்றீர்கள். அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினீர்கள். மறுநாள் சுண்டைக்காய் வற்றல், அதற்கடுத்த நாள் வெந்தயக் குழம்பு. கசப்பு உள்ள எதுவும் கடையில் மிச்சமிருக்காதபடி அத்தை வாங்கி வந்தார். அவர் முகமும் தெளிந்தது. நல்ல பீரைப் பற்றி எனக்கு ஆயிரம் அபிப்பிராயம் உண்டு. ஆனால் அந்தச் செம்பு நிறக் கசப்பைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லமாட்டேன்.

வாசனை திரும்ப நெடுநாள் ஆனது. ஒரு சனிக்கிழமை நான் என்னுடையதை ஊற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் பேப்பரிலிருந்து தலை தூக்கினீர்கள்.

“கொத்தமல்லி” என்றீர்கள்.

தம்ளரை வாங்கி மூக்கருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தீர்கள். பிறகு ஒரு வாய் குடித்தீர்கள். “இப்பவும் எனக்குப் பிடிக்கல” என்று திருப்பிக் கொடுத்தீர்கள். உங்கள் குரல் மட்டும் உடைந்திருந்தது.

அதற்குப் பிறகு நமக்கு நிறைய சனிக்கிழமைகள் கிடைத்தன. போதவில்லை என்பது வேறு விஷயம். போன வருடம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்த நீங்கள் எழவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

பதினாறாம் நாள் படையலுக்கு உங்கள் தம்பி திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். அண்ணனுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்று ஒரு பிராந்திப் பாட்டிலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தை அதைப் பார்த்தார்.

“அவுக பிராந்தி தொடமாட்டாவ. பீருதான். எதுன்னு இவளக் கேளுங்க.”

அத்தனை சொந்தக்காரர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பெயரைச் சொன்னேன், உங்கள் மகன் போய் வாங்கி வந்தார். பச்சைப் பாட்டில், டின் இல்லை. கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும், பிறகு திறக்கலாம் என்றேன். அத்தை சரி என்று தலையசைத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஊர்க்காரர்கள் கிளம்பிப் போன பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் பால்கனியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அத்தை பாகர்வடித் தட்டோடு வந்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அத்தை, உங்களுக்கு என்ன குடிக்கப் பிடிக்கும்?”

“எனக்கென்ன, எதுன்னாலும் சரிதான்.”

கீழே ரிக்ஷாக்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் சேலைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார்.

“லிம்பு சோடா” என்றார் கடைசியில். “எலுமிச்சை பிழிஞ்சு உப்புப் போட்டது. கல்யாணமாகி போபோடில குடிவந்த புதுசுல உங்க மாமா ஒருக்கா வாங்கித் தந்தாவ. மறுபடி கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அவுகளா வாங்கித் தருவாவன்னு இருந்தேன். மறந்துட்டாவ போல.”

உங்கள்மேல் குறையாக அவர் அதைச் சொல்லவில்லை, மாமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் எழுந்து அவரைச் செருப்பு போட வைத்தேன். சந்தை முனையில் சோடா வண்டி நிற்கிறது. இப்போது வாரா வாரம் போகிறோம். முதல் நாள் கொடுத்ததை அப்படியே வாங்கிக் குடித்தார். போன வாரம் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, தம்ளரை வண்டிக்காரரிடமே நீட்டி, “பாவூ, மீட் கமீ ஆஹே” என்று மராத்தியில் சொன்னார், உப்பு குறைவாம். அவர் இன்னொரு சிட்டிகை போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்து முடித்து, அத்தை நடுத்தெருவில் நின்று பலமாக ஒரு ஏப்பம் விட்டார்.

அத்தைக்கு உப்பு தூக்கலாக இருக்க வேண்டும், மாமா. அதையும் எலுமிச்சை பிழிந்த பிறகு மேலே தூவ வேண்டும், கலக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. நான் தெரிந்து வைத்திருக்கிறேன்.