குகை வாசலில் ஷாலினி சொன்னது

ஞாயிறு, அக்டோபர்.

கால் இரண்டும் கெஞ்சுகின்றன. உடம்பைவிட மனசுதான் அதிகம் களைத்திருக்கிறது.

அருவிக் காட்டில் சிவப்புப் பாறைகளுக்கு நடுவே போகும் பாதையில் இன்று திருவிழாக் கூட்டம். பாதை முடிவில், பாறை இடுக்குக்குள் மறைந்திருக்கும் குகையைப் பார்க்க வரிசை. என் கணவர் பிரபுவும் அவர் டீமில் வேலை செய்யும் செந்திலும் முன்னால் நின்றார்கள். செந்திலின் மனைவி ஷாலினி என்னோடு பின்னால் நின்றாள்.

திடீரென்று என் கையைப் பிடித்து, "கவலைப்படாதீங்கக்கா. பிரபு அண்ணாவுக்குச் சீக்கிரமே வேற வேலை கிடைச்சிடும்" என்றாள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வாய் தானாக, "ஆமா, பார்க்கலாம்" என்றது. அவருக்கு வேலை போனது எனக்கே தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

குகைக்குள் இருட்டு. பிரபு செல்போன் வெளிச்சத்தை என் காலடியில் காட்டி, "தலை இடிக்கும், குனிஞ்சு வா" என்றார். அங்கேயே கேட்டிருக்கலாம். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். காரிலும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாளைக்குப் போட ஆபீஸ் சட்டையை அயர்ன் செய்தார். ஆபீஸ் என்று கிளம்பிப் போய், பகல் முழுக்க எங்கே உட்கார்ந்திருக்கிறார்? வேலை இல்லாமல் இந்த நாட்டில் எங்கள் விசா என்ன ஆகும்?

"நாளைக்கு லஞ்சுக்கு என்ன?" என்று கேட்டார்.

"லெமன் சாதம். நானும் லீவு போடுறேன். நீங்க எங்க போறீங்களோ, அங்கேயே ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்."

அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார்.

பிறகு, "சரி" என்றார்.