முள் இல்லாத அடாப்டர்

என்றும் என் அன்புக்குரிய மரியதாஸ் மச்சானுக்கு,

உங்கள் ஏர் ரைபிளுக்கும் அதன் மேல் உட்கார வேண்டிய ஸ்கோப்புக்கும் நடுவில் எந்த அடாப்டரை வைப்பது என்ற கேள்விக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நம் குடும்பம் விடை கண்டது என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். ஆலோசனை என்றால், நான் பேசினேன். குடும்பம் என்றால், உங்கள் மகள் ஃபிலோமினா கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீங்கள் விட்டுப்போன நிலவரம் உங்களுக்கு நினைவிருக்கும். கண் மங்கியதும், கப்பல்காரர் ஒருவரிடம் சொல்லி, இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் அந்த ஸ்கோப்பை வரவழைத்தீர்கள். அது வந்து சேர்ந்தது. பொருத்திப் பார்க்க உங்களுக்குத்தான் நாள் கிடைக்கவில்லை. ஸ்கோப்பின் வளையங்கள் அகலமான தண்டவாளத்தைக் கவ்வுபவை. உங்கள் ரைபிளின் முதுகில் இருப்பதோ குறுகலான காடி, நீளவாக்கில் ஓடும் பள்ளம். கீழே குறுகலாகக் கவ்வி மேலே அகலமாக ஏந்தும் ஒரு துண்டு இரும்பு இல்லாமல் இரண்டும் சேராது. அதுதான் அடாப்டர்.

துப்பாக்கியின் உரிமம் உங்கள் பெயரில் இருந்தது. அது ஃபிலோமினாவின் பெயருக்கு மாற உங்கள் துப்பாக்கி கிளப்பின் சிபாரிசு வேண்டும். சிபாரிசு கிடைக்க அவள் ஒரு தேர்வில் சுட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் உரிமத்துக்கு வைத்த கெடு முடிவதற்குள் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்துவிட வேண்டும். உங்கள் கைக்கடிகாரத்தையும் சைக்கிளையும் தம்பிகளுக்கே கொடுத்துவிட்டாள், மச்சான். சனிக்கிழமைதோறும் உங்களோடு சுவா சூ காங்கில் கோழிப்பண்ணைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கிளப் கொட்டகைக்கு வந்தவள். “எனக்கு அது மட்டும் போதும் மாமா” என்றாள். உங்கள் கண்ணும் அவளுக்கே வந்திருக்கிறது. கண்ணாடி போட்டாலும் இலக்கு கலங்கலாகத்தான் தெரிகிறதாம். ஆகவே அப்பா வாங்கிய ஸ்கோப்பை மாட்டித்தான் சுடுவேன் என்று நின்றாள்.

நான் களத்தில் இறங்கினேன். நான் துப்பாக்கி சுட்டதில்லை. ஆனால் படித்திருக்கிறேன். படித்தவன் இறங்காத களம் எது?

ஜாலான் புசாரில், தூண்டில்களுக்கு நடுவே ஏர் ரைபிள் சாமான் விற்கும் அந்தச் சீனர் கடைக்கு இருவரும் போனோம். அவர் இரண்டு அடாப்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று, அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தது. மற்றதன் அடியில் ஒரு சின்ன முள் நீட்டிக்கொண்டிருந்தது. “மானா சத்து?” என்று, எது வேண்டுமென்று மலாயில் கேட்டார்.

ஃபிலோமினா முள் இருந்ததைக் கையில் எடுத்தாள்.

“மாமா, இதுல பின் இருக்கு பாருங்க. நம்ம ரைபிள்ல ஒரு ஓட்டை...”

“அது வார்ப்புல அறுக்காம விட்ட மிச்சம்மா. மட்டமான சரக்கு. கீழ வை.”

“அந்த ஓட்டை எதுக்கு மாமா?”

“எண்ணெய் விட.”

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு “சரி மாமா” என்று கீழே வைத்துவிட்டாள். அந்தப் பார்வையை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வன்று காலை, என் சித்தாந்தத்துக்கு விசுவாசமாக, உங்கள் தங்கை தெரேசாவின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துப் போனேன். கிளப் அறையில் பூட்டி வைத்திருந்த துப்பாக்கி கைக்கு வந்ததும் அந்த ஓட்டையில் விட்டேன். மிஞ்சியதைக் காடி நெடுகத் தடவினேன். பிறகு அதன் மேல் அடாப்டரையும் ஸ்கோப்பையும் பொருத்தி முடுக்கினேன். மிக அழகாக இருந்தது.

உங்கள் துப்பாக்கி சுருள்வில் வைத்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது முன்னும் பின்னுமாக உதறும். உதறும்போது மேலே இருப்பது வழுக்காமல் இருக்க, அடாப்டரின் முள் அந்த ஓட்டையில் இறங்கி நிற்க வேண்டும். இது எனக்கு அன்று மத்தியானம் தெரிந்தது. உங்களுக்கும் ஃபிலோமினாவுக்கும் முன்பே தெரியும்.

முதலில் குண்டுகள் நடுவில் விழுந்தன. கிளப் செயலாளர் துரைசாமி, உங்கள் கூட்டாளிதானே, தொடையைத் தட்டிக்கொண்டு “அப்பன் கை லா!” என்றார். பிறகு குண்டுகள் ஊர் சுற்றக் கிளம்பின. ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வழுக்கி வந்து அவள் புருவத்தைத் தொட்டது. அவள் தலையை இழுத்துக்கொண்டாள். அது மறுபடியும் வந்தது.

“என்னம்மா, கோழிய சுடறியா? சாமான்ல ஏதாச்சும் கோளாறுன்னா சொல்லு. நிறுத்திப் பாக்கலாம். விதியில இடம் இருக்கு” என்றார் துரைசாமி.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அங்கிருந்தே, எல்லாருக்கும் கேட்கும்படி, “மூச்ச அடக்கும்மா, கை ஆடுது” என்று அறிவுரை வழங்கினேன்.

“ஒண்ணும் இல்ல அங்கிள்” என்று அவரிடம் சொல்லிவிட்டு மீதியையும் சுட்டாள்.

முடிந்ததும் துரைசாமி துப்பாக்கியை வாங்கி, ஸ்கோப்பைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினார். வெண்ணெய் மேல் வைத்ததுபோல் நகர்ந்தது. விரலை முகர்ந்து பார்த்தார்.

“பின் இல்லாத அடாப்டர போட்டு, காடியில எண்ணெய் வேற. யாரு செஞ்சது இது?”

“நான்தான் அங்கிள்” என்றாள் ஃபிலோமினா.

நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், மச்சான். எண்ணெய்க் குப்பி என் சட்டைப் பையில் இருந்தது.

துரைசாமிக்கு வருத்தம்தான். “சுட வராட்டி இன்னொரு தடவ வான்னு சொல்லுவேன். துப்பாக்கிய வச்சுக்கத் தெரியாத பிள்ளைக்கு எப்படிம்மா சிபாரிசு எழுதறது? மரியதாஸ் பொண்ணு நீ!” என்றார். கொட்டகையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறக்க எனக்கு எத்தனை மொழி தெரிந்திருக்க வேண்டும்?

திரும்பும் பஸ்ஸில், புக்கித் தீமா தாண்டியதும் கேட்டேன்.

“பின் எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் மாமா. அப்பா துடைக்கும்போதெல்லாம் சொல்லுவாரு.”

“அப்புறம் ஏன் சொல்லல? கடையிலயாச்சும் சொல்லியிருக்கலாமே?”

“நீங்க எங்க வீட்டு மாப்பிள்ளை. நாலு பேரு முன்னாடி உங்கள மாத்திப் பேசக்கூடாதுன்னும் அப்பாதான் சொல்லுவாரு.” பிறகு, “அத்தைகிட்ட சொல்லாதீங்க மாமா. வருத்தப்படும்” என்றாள்.

இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். தங்கையைக் கட்டியவன் என்பதற்காக, விருந்தில் முதல் தட்டை எனக்கு வைத்தீர்கள். எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் “மாப்பிள்ளை சொன்னா சரிதான்” என்று முடித்தீர்கள். நம்பித்தான் சொன்னீர்களா? தொலைக்காட்சிப் பெட்டியைச் சன்னலோரம் வைக்கச் சொன்னேன், வைத்தீர்கள். அடுத்த முறை வந்தபோது பழைய மூலையில் இருந்தது. வெயில் படுகிறது என்றீர்கள். ஏலத்தில் எடுக்கச் சொன்ன குளிர்பெட்டியைத் தம்பி கேட்டான் என்று கொடுத்துவிட்டீர்கள். இத்தனை ஆண்டுகள் என் யோசனைகளை நான் போன பிறகு ஓசையில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தீர்களா, மச்சான்? உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா?

அந்த வேலையைச் செய்ய இப்போது நீங்கள் இல்லை. உங்கள் மகளுக்கு மரியாதையை மட்டும் கற்றுக்கொடுத்தீர்கள். அடுத்த பாதியைச் சொல்லவில்லை.

வாக்குக் கொடுக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை உங்கள் வருடப் பூசை. துரைசாமியும் வருவார். பூசை முடிந்து, கோவில் வாசலில் எல்லாரும் கூடி நிற்கும்போது, அடாப்டரைத் தேர்ந்தெடுத்தது நான், எண்ணெய் விட்டது நான், பேசாமல் நின்றதும் நான் என்று அவரிடம் சொல்வேன். தெரேசாவும் பக்கத்தில்தான் நிற்பாள்.

கெடு நேற்று வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. துரைசாமியும் ஃபிலோமினாவும் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
சூசை