நைனாவின் காப்பு தேய்த்த இடம்

என் அருமை நைனா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அப்பா என்றும் பார்க்காமல், உன்னைத் திட்ட வேண்டிய இடத்தில் திட்டவும் செய்வேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் லேப்டாப்பைப் பற்றித்தான். தாலுகா ஆபீசுக்கு எதிரே நம் கடையில் மனு டைப் அடிக்கும்போது அந்தச் செம்புக் காப்பைக் கழற்றி வை என்று எத்தனை முறை சொன்னேன்? "வேண்டுதல்மா, கழட்டக் கூடாது" என்பாய். இப்போது பார். கீபோர்டுக்குக் கீழே, நீ இடது மணிக்கட்டை வைக்கும் இடத்தில், வெள்ளிப் பெயின்ட் போய்க் கறுப்பு பிளாஸ்டிக் தெரிகிறது. ஒரு மாங்கொட்டை அளவுக்கு. போதாததற்கு, வெள்ளிக்கிழமைதோறும் அங்கேயே சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாய். லேப்டாப் என்ன, வாசல் நிலைப்படியா?

நீ போன பிறகு கடையை அம்மாதான் நடத்துகிறாள். காலாண்டு லீவு என்பதால் இன்று நானும் கடையில் இருந்தேன். சித்தப்பா பஜாரிலிருந்து பூப்போட்ட ஸ்டிக்கர் வாங்கி வந்தார்.

"அண்ணி, இத ஒட்டிட்டா புதுசு மாதிரி ஆயிடும். வர்றவன்லாம் இன்னாய்யா இது, சொறி புடிச்ச மாதிரி இருக்குதுன்றான்."

"அது நைனா கை வச்ச இடம். ஒட்டக் கூடாது!" என்று கத்தினேன்.

"அதான் போட்டோ பெருசா மாலை போட்டு மாட்டி இருக்குதே, பத்தாதா?"

போட்டோவில் நீ கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு யாரோ மாதிரி நிற்கிறாய். அதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அம்மா தன்பாட்டுக்கு வேலையில் இருந்தாள். எனக்கு இன்னும் எரிச்சல். வல்லத்துப் பெரியவர் ஒருவருக்குப் பட்டா மனு அடித்துக்கொண்டிருந்தாள், இரண்டு கையையும் அந்தரத்தில் தூக்கியபடி. தினமும் இப்படித்தான். ராத்திரியானால் தோளுக்குத் தைலம் தேய்க்கச் சொல்லி என் உயிரை வாங்குவாள்.

"கைய கீழ வச்சி அடியேம்மா!"

"வச்சா தேஞ்சிடும்டி," என்றாள், திரும்பாமல். "அவர் தேச்ச வரைக்கும் போதும்."

சித்தப்பா ஸ்டிக்கரைச் சுருட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் செல்போன் கடையில் ஒட்டுகிற கண்ணாடித் தாள். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினார். ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது. உள்ளே உன் மாங்கொட்டை அப்படியே தெரிகிறது.

அம்மா முதல்முறையாக அங்கே மணிக்கட்டை வைத்தாள். அடித்த வரியையே மறுபடியும் அடித்தாள்.

இனி ஈரத்துணி அதன் பக்கமே வராமல் நான் பார்த்துக்கொள்வேன், சத்தியம். ஆனாலும் நீ அந்தக் காப்பைக் கழற்றியிருக்கலாம், நைனா.

கழற்றியிருந்தால், இன்று எதன்மேல் தாள் ஒட்டியிருப்போம்?

அம்மா ஷட்டருக்குப் பக்கத்தில் நின்று கூப்பிடுகிறாள். கடை லைட்டை அணைத்துவிட்டாள்.

உன்னோடு போட வேண்டிய சண்டை இன்னும் தீராத மகள்,
கயல்