மனைவி வாசித்த செய்தி

என் உயிரானவருக்கு,

இன்று கோர்ட்டில் நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் செய்தி வாசித்த பதிவை அரசு வக்கீல் போட்டுக்காட்டி, "சொந்த மனைவியே சொல்றாங்க" என்றபோதும் தலைகுனிந்தே நின்றீர்கள். ஜாமீன் கிடைக்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் மந்திரியின் மைத்துனர் எங்கள் சேனலை வாங்கினார். மந்திரி கட்டிய பாலம் இடிந்ததைப் பற்றி நீங்கள் எழுதினீர்கள், பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாளே, "மிரட்டிப் பணம் பறித்த நிருபர் கைது" என்ற தாளை ஆசிரியர் என் கையில் கொடுத்தார்.

"அவர் என் வீட்டுக்காரர், சார்."

"தெரியும்மா. நீங்க வாசிச்சாத்தான் ஜனங்க நம்புவாங்களாம். இல்லேன்னா உங்களையும் கேஸ்ல சேர்த்துடுவாங்க. குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

வாசித்தேன். ஓரிடத்தில்கூட நாக்குக் குழறவில்லை.

வீட்டில் மகள், "அப்பா நிஜமாவே அப்படிப் பண்ணாராம்மா?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன்.

"அப்ப டிவியில ஏன் சொன்னே?"

சாப்பிட வா என்றேன்.

இன்று காலை, மழை பெய்கிறது, குடை எடுத்துக்கோ என்றேன். "நிஜமாவா?" என்று கேட்டு, ஜன்னலருகே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இன்னமும்
உங்களவள்தான்